இத்தாலி லைட்டும் இடப்பக்க இருட்டும்

கல்முனைக்குடியில் ஓர் இத்தாலிப் பைக்கை முழுதாகக் கழற்றி, திரும்பப் பூட்டி, பட்டனை ஒரே தரம் அழுத்தி ஸ்டார்ட் பண்ணிக் காட்டிய முதல் ஆள் நான்தான். பூட்டி முடித்த பிறகு தட்டில் ஒரு நட்டுக்கூட மிச்சம் கிடக்கவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்கிறேனா என்று கேட்டால், ஓம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் சொல்லிவிட்டு வந்தவனுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது?

புதிதாகக் கராஜ் வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாரே, உங்களில் பலர் கோர்ஸ் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். போனில் வீடியோ பார்த்து வயரிங் செய்கிறீர்கள். நல்ல விஷயம். எந்த வயர் எங்கே போகும் என்பதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. நான் எழுத வந்தது வேறு. வேலை எல்லாம் முடிந்து, பார்த்தவர்கள் எல்லோரும் மாஷா அல்லாஹ் சொல்லி, வண்டிக்காரன் சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது, "தர மாட்டேன்" என்று சொல்ல வேண்டி வந்த ஒரு பொழுதைப் பற்றி. அந்தப் பொழுதில் எனக்குப் புத்தி தந்தவர் பெரிய மெக்கானிக் பாஸ் இல்லை, எஞ்சினியர் இல்லை. பைக்கே ஓட்டத் தெரியாத ஒரு பெண். அவவுடைய பேர்கூட எனக்குத் தெரியாது.

பைக் ஹில்மியுடையது. ஹில்மி பொத்துவில்லுக்கு அப்பால், வெள்ளைக்காரர்கள் அலையில் சறுக்கி விளையாட வருகிற கரையில், ஒரு ஹோட்டலில் சமையலுக்குப் பொறுப்பு. கலியாணம் முடித்தது எங்கள் தெருவில். நம் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டோடுதான் குடியிருப்பு. ஆகவே வேலை கரையின் ஒரு தொங்கலில், வீடு மறு தொங்கலில். வேலை முடிந்து பொழுது பட்ட பிறகு கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று என்று அந்த நீளமான ரோட்டால்தான் வருவான்.

பைக் சிவப்பு. ரெட்டை சிலிண்டர். கொழும்பில் யாரோ ஓடிவிட்டு விற்றது. அது தெருவுக்குள் நுழைந்தால் பள்ளிவாசலில் தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்துகொண்டிருப்பவர்கள் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள். சத்தம் அப்படி. ஓட்டமோ குதிரை. ஹெட்லைட் மட்டும் குப்பி விளக்கு. கண்ணாடி மஞ்சளித்து, வயர் கறள் பிடித்து, பல்பு எரிகிறதா இல்லையா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் கோமாரிக்குக் கிட்ட ரோட்டின் நடுவில் எருமைகள் நின்றிருக்கின்றன. கறுப்பு ரோடு, கறுப்பு எருமை. பிரேக் பிடித்து, சரளையில் சறுக்கி, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தான். மறுநாள் காலையில் கராஜுக்கு வந்தது அவன் இல்லை. அவன் மனைவி சிஃபானா. வயிற்றில் பிள்ளை, மாதம் நெருங்கி இருந்தது.

"மாமா, இந்த லைட்ட நீங்க சரியாக்கித் தாங்க. இல்லாட்டி வண்டிய வித்துத் தாங்க. ரெண்டுல ஒண்டு."

"என்ன புள்ள இப்பிடிச் செல்றாய்? அவன்ட உசிரே அந்த வண்டியிலதானே இரிக்கி."

"அதத்தான் மாமா நானும் செல்றன். அவருட உசிரு அதுலதான் இரிக்கி."

லைட்டைப் பார்த்துத் தருகிறேன் என்று அனுப்பி வைத்தேன். என்னை வாயால் வென்றவர்கள் இந்த ஊரில் குறைவு.

சிஃபானாவின் காக்கா, கூடப் பிறந்த அண்ணன், இத்தாலியில் வேலை செய்கிறார். தங்கைக்கு இரங்கி, அந்தப் பைக்குக்கென்றே செய்த புது எல்.ஈ.டி. ஹெட்லைட் ஒன்றை அங்கேயே தேடி அனுப்பினார். பெட்டியைப் பிரித்தபோது கராஜில் ஒரு கூட்டம். மீன் லொறி வைத்திருந்து ஓய்ந்துபோன காசிம் காக்கா தினமும் வெறும் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து என் வாங்கில் உட்கார்ந்து என் வேலைக்கு மார்க் போடுகிறவர். அவரே எழும்பி வந்து பார்த்தார்.

"இது ஹெட்லைட்டா, கலியாண வீட்டுக் கண்ணாடிச் சாமானா?"

"இத்தாலி வண்டிக்கு இத்தாலியில இருந்தே வந்திரிக்கி காக்கா. சைனாச் சாமான் இல்ல" என்றான் ஹில்மி.

"அப்ப நம்மட பாஸுக்கு வேலை இல்ல. அதுவா ஏறிப் பூட்டிக்கும்" என்றார் என்னைக் காட்டி.

நாமெல்லாம் அப்படித்தான். வெளிநாட்டுப் பெட்டி என்றால் போதும். அதிலும் வண்டி பிறந்த ஊரில் இருந்தே வந்த சாமான் என்றால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. எனக்கும் கேள்வி வரவில்லை.

வேலையை நான் செய்த விதத்தைச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. லைட்டோடு விடுகிற ஆளா நான்? இந்த வண்டிகளில் பெட்டரிக்குக் கரண்ட்டை அளந்து விடுகிற ரெகுலேட்டர் சூட்டில் எரிந்து போகும். அதைக் காற்றுப் படுகிற இடத்துக்கு மாற்றினேன். பிரேக் எண்ணெய் ஓடுகிற பழைய ரப்பர் குழாய்களைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்புக் கம்பி பின்னிய குழாய் போட்டேன். பின் டயர் மாற்றினேன். வயரிங்கில் பாதியைப் புதிதாக இழுத்தேன். சைலென்சரை இன்னும் சத்தமாக்கித் தரச் சொன்னான் ஹில்மி. "பிள்ளை பிறந்தா அது போடுற சத்தம் போதும் உனக்கு" என்று சொல்லிவிட்டேன்.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால், இருள் இறங்குகிற நேரம், எதிரே இருந்த ஐஸ் கட்டி விற்கிற கடையின் சுவரில் லைட்டை அடித்துப் பார்த்தோம். வெள்ளை வெளேர் என்று பால் ஊற்றினது போல. சுவரில் வெடிப்பு எங்கே எங்கே இருக்கிறது என்று ஐஸ் கடைக்காரருக்கே அன்றுதான் தெரிந்தது. ஒரே ஒரு விஷயம். வெளிச்சத்தின் மேல் விளிம்பு இடப்பக்கம் நேராக நின்றது, வலப்பக்கம் மேலே ஏறிப் போனது. நான் சும்மா இருப்பேனா? ஸ்குரூவைத் திருகி முழுதையும் கொஞ்சம் கீழே இறக்கி விட்டேன்.

"ஒரிஜினல் மாமா, அது அப்பிடித்தான் இரிக்கும்" என்றான் ஹில்மி.

அவன் அவசரம் அவனுக்கு. இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு பொத்துவிலுக்குப் புறப்பட வேண்டும்; விடியச் சாப்பாட்டுக்கு ஹோட்டலில் நிற்க வேண்டும். சீசன் நேரம். ஆனால் என் கராஜுக்கு ஒரு சட்டம் இருந்தது. என் கை பட்ட வண்டியில் முதலில் ஓடுவது நான். சொந்தக்காரன் இரண்டாவது. மஃரிப் தொழுதுவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

கடற்கரை ரோட்டில் லைட்டைச் சோதிக்க ஏலாது, கடை வெளிச்சம் அதிகம். ஆகவே கிட்டங்கிப் பாலத்தைத் தாண்டி நாவிதன்வெளிப் பக்கம் விட்டேன். அங்கே வயலும் இருட்டும்தான். ஆஹா, என்ன வெளிச்சம்! வலப்பக்கத்தில் வயல், வரம்பு, தூரத்து வாய்க்கால், கொக்கு நிற்கிற மரம், எல்லாம் பகல் போல. எனக்கு நானே கதைத்துக்கொண்டு போனேன். இந்த வயதிலும் உன் கை கை தான்டா என்று.

அப்போது எதிரே ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தது. ஓட்டினவர் என்னைக் கண்டதும் ஒரு கையால் முகத்தை மறைத்தார். மெஷின் ஆடி ஆடி வயல் பக்கமாக இறங்கப் பார்த்தது. கடந்து போகும்போது என் உம்மா வாப்பா இருவரையும் பற்றி ஏதோ சொன்னார். நான் பயந்து இடப்பக்கம் ஒதுங்கி வேகத்தைக் குறைத்தேன். ஒதுங்கின அந்த நொடியில் காலடியில் இருந்து ஒரு சத்தம்.

"காக்கா! கண்ணென்ன பொட்டையா?"

புது பிரேக் குழாய் அன்றைக்குத் தன் சம்பளத்தை வாங்கிக் கொண்டது. வண்டி நின்ற இடத்தில் முன் சில்லுக்கு முன்னால் ஒரு கல். கல்லுக்கு அப்பால் ரோட்டோரம் நீளத்துக்குக் காயப் போட்ட நெல். அறுவடைக் காலம், நம் பக்கத்தில் தார் ரோடுதானே களம். நெல்லுக்கு நடுவில், பனி இறங்க முன்னால் அள்ளி முடிக்க, ஒரு பெண் குந்தியிருந்து சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தா. நான் அவவைக் காணவே இல்லை. கல்லையும் காணவில்லை. நெல்லுக்கு மேல் சில்லு ஏறியிருந்தால் எண்ணெயில் ஏறினது போல வழுக்கியிருக்கும், வழுக்கினது நேரே அவவின் மேல்.

நான் இறங்கினேன். பெருமை மட்டும் இறங்கவில்லை.

"தங்கச்சி, கோவிக்காதீங்க. இது இத்தாலி லைட். ஊருக்குள்ள இப்பிடி ஒண்டு இல்ல."

"இத்தாலியோ என்னவோ, எனக்குத் தெரியாது. அந்த மெஷின்காரண்ட கண்ணக் கெடுத்துப் போட்டீங்க. என்னய இருட்டுக்குள்ள விட்டுட்டீங்க. உங்கட லைட் ஆருக்குக் காக்கா எரியுது? கொக்குக்கா?"

"நான் ஓடிப் பாத்தன் தங்கச்சி, நல்லாத்தான் தெரியுது."

"நீங்க மேல இரிந்து பாத்தா தெரியும்தான். இஞ்ச வந்து என்ட இடத்துல குந்தியிரிந்து பாருங்க."

தம்பிமாரே, பெரிய ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, லைட்டை எரிய விட்டு, நடந்து போய் அந்த நெல்லுக்குப் பக்கத்தில் குந்தினேன். இருட்டு. என் கை எனக்கே மங்கலாகத்தான் தெரிந்தது. எழும்பி ரோட்டைக் கடந்து, எதிரே வருகிறவன் பக்கத்தில் போய் நின்றேன். ஊசியால் குத்தினது போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், மூடின கண்ணுக்குள்ளேதான் எனக்குப் புரிந்தது.

நான் சவூதியில் லொறி ஓடினவன். அங்கே ரோட்டின் வலப்பக்கத்தால் ஓடுவார்கள். இத்தாலியிலும் அப்படித்தான். அவர்களுக்கு ரோட்டோரம் வலப்பக்கம், எதிரே வருகிறவன் இடப்பக்கம். ஆகவே வலப்பக்கம் ஏற்றியும் இடப்பக்கம் இறக்கியும் லைட் செய்கிறார்கள். அது அவர்களுக்குச் சரி. நமக்கு அப்படியே தலைகீழ். கொழும்புக்காரர் விட்ட அந்த மஞ்சள் குப்பி விளக்கு நம்மைப் போல இடப்பக்கம் ஓடுகிற நாட்டுக்குச் செய்தது. நாங்கள் சரியான பக்கம் மங்கலாக எரிந்ததைக் கழற்றி, பிழையான பக்கம் பிரகாசமாக எரிகிறதைப் பூட்டியிருந்தோம். நான் ஸ்குரூவைத் திருகிக் கீழே இறக்கியதில் இடப்பக்கம் இன்னும் இருண்டு போனது.

"விளங்கிச்சா?" என்றா அவ, சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டு.

"விளங்கிச்சுத் தங்கச்சி."

"அப்ப அந்தப் பெரிய லைட்ட அணைச்சுப் போட்டு மெதுவாப் போங்க. கல்லுக்கு இங்கால வராதீங்க."

திரும்பி வரும்போது சின்ன சைட் லைட்டோடு மட்டும், மாட்டு வண்டி வேகத்தில் வந்தேன். கராஜ் வாசலில் ஹில்மி தோளில் பையோடு நின்றான். காசிம் காக்கா வாங்கில். இன்னும் நாலைந்து பேர்.

"என்ன மாமா, வண்டிய ஓடிப் பாக்கப் போனீங்களா, மக்கத்துக்கு உம்ராவுக்குப் போனீங்களா? சாவியத் தாங்க, நேரமாச்சு."

"சாவி இல்ல மனே. லைட் நமக்குப் பொருந்தா. பழசப் பூட்டுவம். இண்டைக்குப் போகாத."

அவன் முகம் கறுத்தது. நான் விளக்கினேன். வலப்பக்கம், இடப்பக்கம், இத்தாலி, சவூதி, எல்லாம் சொன்னேன். கேட்கவில்லை.

"அத்தின ஆக்கள் பாத்து நல்லமெண்டு சொன்னதுதானே? நான் போகாட்டி வேலை போயிரும் மாமா. பிள்ளையும் வாற நேரம். ஒரு லைட்டுக்காக வேலைய உடச் செல்றீங்களா?"

"பாஸ், அவனக் கரைச்சல் படுத்தாத. இத்தாலிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றார் காசிம் காக்கா.

இந்த இடத்தைக் கவனியுங்கள். வேலை போய்விடும் என்று பயப்படுகிற ஒருத்தனிடம் வெளிச்சத்தைப் பற்றி வாயால் சொல்லி விளங்க வைக்க ஏலாது. எனக்கும் யாரும் வாயால் சொல்லி விளங்க வைக்கவில்லை. குந்த வைத்துத்தான் விளங்க வைத்தா. நான் வண்டியைக் கடற்கரைப் பக்கம் போகிற குறுகின ஒழுங்கையைப் பார்க்கத் திருப்பி ஸ்டாண்டில் நிறுத்தினேன். அந்த ஒழுங்கையில் லைட் தூண் இருக்கிறது, பல்பு இல்லை. இடப்பக்கம் நீளத்துக்கு மதில்.

"ஏறி இரி. லைட்டப் போடு. நான் முன்னால போறன். தெரியுறதச் சொல்லு."

மதிலோடு நடந்து போய் நின்றேன்.

"என்னத் தெரியுதா?"

"உங்கட சாரத்துட கரை தெரியுது மாமா. செருப்புந் தெரியுது. போதாதா?" என்றான். வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "அந்தப் பக்கம் அந்த ஊட்டுக் கதவுல பூட்டுத் தொங்குறதுங்கூடத் தெரியுது."

அது வலப்பக்கம். அப்போதுதான் எனக்குப் பின்னால் ஒழுங்கையின் அடுத்த முனையில் இருந்து யாரோ மதிலோடு மெதுவாக நடந்து வருகிற சத்தம். திரும்பினேன். சிஃபானா. செருப்பையும் மறைத்து நிலத்தைத் தொடுகிற கறுப்பு அபாயா. கையில் கணவனுக்கு வழியில் சாப்பிடச் சோற்றுப் பார்சல். என் பக்கத்தில் வந்ததும் கையைக் காட்டி நிற்பாட்டினேன். கதைக்காதே என்று சைகை செய்தேன். நான் நாலு எட்டுத் தள்ளி ரோட்டின் மறுபக்கம் போனேன்.

"இப்ப மதில் பக்கம் பாரு ஹில்மி. ஆரும் நிக்காங்களா?"

"ஒத்தரும் இல்ல மாமா. நீங்களும் இங்கால வந்துட்டீங்க."

"நல்லாப் பாத்துச் செல்லு."

"நல்லாத்தான் பாக்கன். ரோடு கிளியர். இந்தா எடுத்துட்டுப் போகலாம்."

"நான் இங்க நிக்கன்" என்றாள் சிஃபானா.

பெரிய சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வாங்கில் சிரிப்பு நின்றது. காசிம் காக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஹில்மி அந்த இருட்டுக்குள் குனிந்து பார்த்தான். பிறகு லைட்டை அணைத்தான், இறங்கினான், நடந்து போய் அவளுக்கு முன்னால் நின்றான். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவன் சாவியை என் சட்டைப் பைக்குள் போட்டான்.

"பழசப் பூட்டுங்க மாமா."

ஹோட்டல் முதலாளிக்குப் போன் எடுத்தது நான். எனக்கு முன் பின் தெரியாத மனிதர். கல்முனைக்குடியில் இன்ன பாஸ் கதைக்கிறேன், வண்டியை நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன், குற்றம் என்னுடையது என்று சொல்லி, நடந்ததையும் சொன்னேன். "நாளைக்கு ரொட்டிய நான் சுடுறன். அவன விடிஞ்சு வரச் செல்லுங்க" என்றார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும். அவர் ஏசியிருந்தால் ஹில்மி போயிருப்பான்.

இத்தாலி லைட்டைக் கழற்றி, பழையதன் கண்ணாடியைத் தீட்டி, என்னுடைய புது வயரிங்கில் கொடுத்தேன். கரண்ட் ஒழுங்காகப் போனதும் குப்பி விளக்கு பெட்ரோமாக்ஸ் ஆனது. அதோடு காலை வெளிச்சத்தில் அனுப்பினேன். அடுத்து வந்த நாட்களில் முதலாளி அவனைப் பொழுது பட முன்னமே வீட்டுக்கு விட்டார். இத்தாலிக் காக்கா நடந்ததைக் கேட்டுவிட்டு, நம்மைப் போல இடப்பக்கம் ஓடுகிற நாடு ஒன்றுக்கென்று செய்த அதே லைட்டைத் தேடி எடுத்து அனுப்பினார். அது வந்து சேர முன்னால் பிள்ளை வந்துவிட்டது. ஆண் பிள்ளை.

அன்றிலிருந்து என் கராஜில் லைட் வேலை சுவரில் முடிவதில்லை. ஒரு ஆள் ரோட்டோரத்தில் போய்க் குந்த வேண்டும். ஒரு ஆள் எதிர்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலும் குந்தினது காசிம் காக்கா. அவருக்கு முழங்கால் வலி, எனக்குச் சந்தோஷம். வண்டிக்காரன் காசு தருகிறவன், குறை இருந்தால் அவனே வந்து சொல்வான். ஆனால் அந்த வெளிச்சம் படுகிற ஆட்கள் யாரும் நம் கராஜுக்கு வந்து முறைப்பாடு சொல்ல மாட்டார்கள். அவர்களை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் உங்களுக்குத் தர இருக்கிறது இவ்வளவுதான், மற்றதெல்லாம் உங்கள் போனில் இருக்கிறது.

நான் அந்தப் பெண்ணைத் தேடி நாவிதன்வெளிக்கு இரண்டு மூன்று தரம் போனேன். நெல் அள்ளி முடிந்து ரோடு வெறும் ரோடாகக் கிடந்தது. யாரைக் கேட்பது, என்ன பேர் சொல்லிக் கேட்பது? உங்களில் யாராவது அந்தப் பக்கம் அறுவடைக் காலத்தில் போனால், ரோட்டோரத்தில் நெல் அள்ளுகிற, நாக்குக் கொஞ்சம் நீளமான ஒரு தங்கச்சியைக் கண்டால் நிறுத்திச் சொல்லுங்கள்: காக்கா லைட்டை மாற்றிப் போட்டார். அவவால் ஒரு வீடு இருண்டு போகாமல் இருக்கிறது. நான் தொழுகையில் கை ஏந்தும்போது பேர் தெரியாத அவவுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

புது லைட் பூட்டிய அன்று அதே ஒழுங்கை. பல்பு இன்னும் போடவில்லை, மாநகர சபைக்கு நன்றி. சிஃபானா அதே கறுப்பு அபாயாவில், பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு மதிலோடு போய் நின்றாள். ஹில்மி வண்டியில்.

"தெரியுதா?" என்றேன்.

"நல்லாத் தெரியுது மாமா. பிள்ளைட மூக்குந் தெரியுது."

"ஆருட மூக்கு மாதிரி?" என்றார் காசிம் காக்கா.

"எங்கட மாமிட. சிஃபானாட உம்மாட மூக்கு."

எல்லோரும் சிரித்தோம். சிஃபானா சிரிக்கவில்லை. நேரே நடந்து வந்தாள்.

"இறங்குங்க. இவரப் புடிங்க. நீங்க ரெண்டு பேரும் போய் அங்க நில்லுங்க."

ஹில்மி பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு போய் மதிலோடு நின்றான். அவள் அபாயாவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஸ்டாண்டில் நின்ற அந்தச் சிவப்பு வண்டியில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்து, கைப்பிடிக்கு மேலால் குனிந்து, வெளிச்சம் போகிற வழியே நெடுநேரம் பார்த்தாள். நான் என் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் மார்க் வாங்கியிருக்கிறேன். அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான்.

"ஓம் மாமா" என்றாள். "ரெண்டு பேரும் தெரியிறாங்க."